ரிலீஃப்

காலை ஏழு நாற்பது. ஃபேக்டரி பஸ்
ரெலாவ் சந்தையோரம் அக்காவை இறக்கிவிட்டுப் போகிறது.
வலைத்தொப்பியின் கோடு
நெற்றியில் இன்னும் அழியவில்லை.
"நாலு வருஷமா என்னதான் படிக்கிறே நீ?"
பதிலுக்கு என் அக்கா ஜெயமாலினி காத்திருப்பதில்லை.
ரொட்டி சானாய் பொட்டலத்தைப் பிரிப்பாள்.

இன்றைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஒரு செல். உள்ளே ஒரு லைன்.
ஓலை வருகிறது, மும்மூன்று எழுத்தாக.
மூன்றெழுத்துக்கு ஒரு மணி.
மணி மணியாய்க் கோத்துப் புரதம் நீள்கிறது.
கோப்பது ரைபோசோம்.
பாடப்புத்தகத்தில் வண்ணப்படம் அதற்குத்தான்.

நான் படிப்பது அதையில்லை.
மணியைக் கைப்பிடித்து வாசல்வரை கூட்டிவந்து,
சரியான மணிதானா என்று ஓலையோடு ஒத்துப்பார்த்து,
சரியென்றால் மடியில் முடிந்த ஒரே காசை உடைத்துவிட்டு
கையை விட்டுப் போய்விடுகிறதே,
அதை.
அப்புறம் இன்னொன்று வரும்.
முன்னது மணியோடு நின்ற கோலத்தைத்
தன் உடம்பால் அப்படியே நடித்துக்கொண்டு
அதே வாசலில் தோள் கொடுக்கும்.
ஓலை மூன்றெழுத்து நகரும்.
அதுவும் போய்விடும்.

கிருமிக்குள் நொடிக்குப் பதினைந்து முறை.
நமக்குள் ஐந்தாறு. நாம் கொஞ்சம் நிதானம்.

பள்ளியில் உடம்படுமெய் படித்தோமே,
வர, இல்லை, நடுவில் ஒரு வகரம் வந்து
வரவில்லை என்று சேர்த்துவைக்கும்,
அதுமாதிரி என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.
வகரம் சொல்லுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.
இவை தங்குவதில்லை.
முடிந்த சங்கிலியை எத்தனை முறை எடைபோட்டும்
இவற்றின் தூசுகூட அதில் கண்டதில்லை.

"பேரு?"
நீட்சிக் காரணி.
"கெமிக்கல் டின் மேல ஒட்டின மாதிரி இருக்கு."
மென்றுகொண்டிருந்தாள். பருப்புக் குழம்பு
விரலிடுக்கில் வழிந்தது.
"அது நாந்தான்" என்றாள்.

பாயான் லெப்பாஸில் அவளுக்கு மேசை கிடையாது.
பதினேழாம் மேசை நோர்ஹஸ்லினா தொழப் போனால் அங்கே.
நாலாம் மேசை சியூ ஃபெங் பால் கட்டிக்கொண்டு எழுந்தால் அங்கே.
நேப்பாளத்துத் திலக்குக்குக் கண் எரிந்தால் அங்கே.
பத்து நிமிடம்.
நாற்காலியில் தன் சூடு ஏறுவதற்குள் எழுந்துவிட வேண்டும்.
பெட்டியில் ஏறும் எந்தப் பலகையிலும்
அவள் நம்பர் இல்லை.
சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது: ரிலீஃப்.

யுகன் நொண்டிக்கொண்டு வந்தான்.
முழங்காலில் சீழ்ப்புண். சுங்கை டுவா கிளினிக் கொடுத்த ட்யூபைப்
பிதுக்கித் தடவினேன்.
பேச்சு என் வாயில் இன்னும் மிச்சமிருந்தது.
இந்த மருந்து கிருமியைக் குத்தாது, எரிக்காது, அக்கா.
தோள் கொடுக்க வந்ததே அந்த ரெண்டாவது ஆள்,
அதைத் தள்ளிய இடத்திலேயே உட்காரவைத்துவிடும்.
அவ்வளவுதான்.
வேலையை முடித்தும் எழுந்துபோக முடியாத உதவி.
அடுத்த மணிக்கு வாசல் இல்லை.
லைன் மொத்தமும் நிற்கும்.

"பாவம்" என்றாள்.
கிருமியைச் சொன்னாளா,
உட்கார்ந்துவிட்டதைச் சொன்னாளா, தெரியவில்லை.
யுகன் புண்ணை ஊதிக்கொண்டிருந்தான்.

கை கழுவும்போது பார்த்தேன்,
ஆட்காட்டி விரல்நுனியில் சால்டர் சூட்டின் கொப்புளம்.
தண்ணீரை மூடாமலே சொன்னாள்:
"போன மாசம் எனக்கு நிரந்தரமா ஒரு மேசை தரேன்னாங்க.
வேணாம்னுட்டேன்."
ஏன் என்பதற்குள்
அறைக்கதவு சாத்திக்கொண்டது.

பத்தரை பஸ்ஸில் குளுகோர்.
ஐஸில் என் குழாய்கள் காத்திருக்கும்.
ஜன்னலுக்கு வெளியே பாலத்தில் வண்டிகள்
ஒன்றன்பின் ஒன்றாகத் தீவுக்குள் வந்துகொண்டிருந்தன.
திரை இழுத்த அறையில் அக்கா தூங்குகிறாள்.
எத்தனை கோடி வாசல்களில்
யார் யாரோ வந்து, தோள் கொடுத்து,
எழுந்து போகிறார்கள்.
கொப்புளத்தின் அடியில்
புதுத்தோல்,
நொடிக்கு ஐந்தாறு மணியாக.